கண்ணில் மிளகாய் பொடியா? கசக்காதீங்க... கால் மணி நேரம் தண்ணி ஊத்துங்க!

மதுரை:

"மிளகாய் பொடி தூவி செயின் பறிப்பு", "கண்ணில் பொடி தூவி வசூல் பணம் கொள்ளை"... இந்த மாதிரி செய்தியை படிக்காத ஆளே மதுரையில் இருக்க முடியாது. செயின் எத்தனை பவுன், பைக்கில் வந்தது எத்தனை பேர், எந்தப் பக்கம் தப்பினார்கள் என்று எல்லாம் எழுதுகிறோம். பொடி விழுந்த கண் என்ன ஆச்சு என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

திருடன் மட்டும்தான் என்றில்லை. கீழமாசி வீதியில் வத்தல் மூட்டை இறக்குகிறவர், மாவு மில்லில் மிளகாய் அரைக்க நிற்கிற அக்கா, மொட்டை மாடியில் வத்தல் காயப்போடுகிற ஆச்சி, பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு கண்ணைத் தொட்டுவிட்ட ஓட்டல் மாஸ்டர், யாருக்கு வேண்டுமானாலும் இது நடக்கும். இப்போது புதுசாக பெப்பர் ஸ்பிரேயும் சேர்ந்துவிட்டது. பாதுகாப்புக்கு என்று பொம்பளைப் பிள்ளைகள் ஹேண்ட்பேக்கில் வைத்திருப்பதை வீட்டில் இருக்கிற வாண்டு எடுத்து அமுக்கிவிட்டால் வீடே இருமும்.

மிளகு இல்லை, மிளகாய்!

2014 பிப்ரவரி 13-ந் தேதி டெல்லி பார்லிமென்டில் நடந்த கூத்து பலருக்கு ஞாபகம் இருக்கும். தெலுங்கானா மசோதாவை எதிர்த்து விஜயவாடா எம்.பி.யாக இருந்த ராஜகோபால், லோக்சபாவுக்குள்ளேயே ஸ்பிரே அடித்தார். எம்.பி.க்கள் இருமிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் வெளியே ஓடினார்கள். சிலரை ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனார்கள். 2018 நவம்பர் 16-ந் தேதி இலங்கை பார்லிமென்டிலும் இதே கதை. அங்கே ஸ்பிரே கூட இல்லை. சமையல்கட்டு மிளகாய் பொடியைத்தான் போலீசார் மீதும் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் மீதும் வீசினார்கள்.

அப்போது பல பேர் அதை "மிளகு ஸ்பிரே" என்றார்கள். அது மிளகு இல்லை. ரசத்துக்கு போடுகிற மிளகுக்கும் அந்த டப்பாவுக்கும் சம்பந்தமே கிடையாது. மிளகாயில் இருந்து இறக்கிய எண்ணெய் சாறுதான் உள்ளே இருக்கிறது. ராமநாதபுரம் முண்டு வத்தலில் காரம் எதனால் வருகிறதோ, அதே கேப்சைசின்தான் ஸ்பிரேயிலும் எரிகிறது. அதனால் பொடி விழுந்தாலும் ஸ்பிரே பட்டாலும் முதலுதவி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எரிகிறதே, தோல் வெந்து போகுமா? வேகாது. சூடு பட்டால் மூளைக்கு தகவல் சொல்ல நம் நரம்பு முனையில் ஒரு 'பூட்டு' இருக்கிறது. மிளகாய் காரம் அதற்கு கள்ளச்சாவி மாதிரி. நெருப்பு இல்லாமலே நெருப்பு பட்டதாக நரம்பு அலறும். இதைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியசுக்கு 2021-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். சும்மா விட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு அரை மணியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் எரிச்சல் இறங்கிவிடும். கண்ணுக்கு நிஜமான ஆபத்து காரத்தில் இருந்து வருவதை விட, அந்த ஒரு மணி நேரத்தில் நாம் செய்கிற வேலையில் இருந்துதான் அதிகம் வருகிறது.

முதல் வேலை என்ன?

இடத்தை விட்டு நகருங்கள். காற்றோட்டமான பக்கம் போங்கள். ஸ்பிரே காற்றில் கொஞ்ச நேரம் நிற்கும். பூட்டிய அறை, ஆட்டோ, பஸ் என்றால் உடனே இறங்கி வெளியே வந்துவிட வேண்டும்.

கண்ணைக் கசக்கவே கூடாது. கை தானாகத்தான் போகும், பிடித்து நிறுத்த வேண்டும். மிளகாய் பொடியில் தோல் துணுக்கும் விதைத் தூளும் இருக்கிறது. கசக்கினால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கருவிழியைக் கீறிவிடும். அதற்கு பதில் படபடவென்று கண்ணைச் சிமிட்டுங்கள். கண்ணீர் வருவது நல்லது, வரட்டும்.

பொடி என்றால் முதலில் குனிந்து தலையை உதறி, நெற்றியிலும் புருவத்திலும் இருக்கிற தூளைத் தட்டிவிடுங்கள். பிறகு தண்ணீர். குடிக்கிற தண்ணீர் எதுவானாலும் சரி. குழாய் தண்ணி, கேன் தண்ணி, வாட்டர் பாட்டில் தண்ணி, எது பக்கத்தில் இருக்கிறதோ அது. சுடுதண்ணி வேண்டாம், பச்சைத் தண்ணியே போதும்.

ஊத்துவதிலும் முறை இருக்கிறது. எந்தக் கண்ணில் பட்டதோ அந்தப் பக்கம் தலையைச் சாய்த்து, மூக்கு ஓரத்தில் இருந்து காது பக்கம் ஓடுகிற மாதிரி மெதுவாக ஊத்த வேண்டும். இமையை இன்னொரு ஆள் இரண்டு விரலால் விலக்கிப் பிடித்துக்கொள்ளட்டும். பாட்டில் மூடியில் சின்ன ஓட்டை போட்டு லேசாக அமுக்கினால் ஒரே சீராக வரும். இரண்டு கண்ணிலும் பட்டிருந்தால் குனிந்து மாற்றி மாற்றி ஊத்துங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு லென்சைக் கழற்றிவிட வேண்டும். அதை திரும்ப மாட்டக் கூடாது.

எவ்வளவு நேரம்? இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டு தடவை முகத்தில் அடித்துவிட்டு துண்டால் அழுத்தித் துடைத்தால் போதாது. 10 முதல் 15 நிமிஷம் விடாமல் ஊத்த வேண்டும். கேப்சைசின் எண்ணெய் ஜாதி, தண்ணியில் கரையாது. ஓடுகிற தண்ணிதான் அதை அடித்துக்கொண்டு போக வேண்டும். முதல் இரண்டு நிமிஷம் எரிச்சல் கூடுவது போலக்கூட இருக்கும். தலைமுடியில் இருக்கிற காரம் வழிந்து கண்ணுக்கு வருவதாலும் அப்படி ஆகும். பயந்து நிறுத்த வேண்டாம்.

கண்ணுக்கு தண்ணி மட்டும் என்றால், முகம், கழுத்து, கை, தலைமுடிக்கு சோப்போ ஷாம்போ போட்டுக் கழுவலாம். நுரை கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க சோப்பு வேண்டும். பட்ட சட்டை, சேலையை மாற்றிவிட்டு தனியாகத் துவைக்க வேண்டும். உதவி செய்கிற ஆளும் கையைக் கழுவாமல் தன் முகத்தைத் தொடக் கூடாது. இல்லையென்றால் ஒரு நோயாளி இரண்டு நோயாளி ஆகிவிடும்.

பால், தாய்ப்பால், விளக்கெண்ணெய்... எதுவும் வேண்டாம்!

நம்ம பக்கம் கண்ணில் என்ன விழுந்தாலும் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் தாய்ப்பால் வாங்கி ஊத்து என்பார் ஒருவர். விளக்கெண்ணெய் விடு, நெய் விடு, மோர் ஊத்து என்பார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் அதனால் கண் போகலாம்.

பால் ஊத்தினால் எரிச்சல் சீக்கிரம் அடங்குமா என்று அமெரிக்காவில் பரிசோதித்தே பார்த்துவிட்டார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில் 49 பேர் முகத்தில் ஸ்பிரே பட வைத்து, சிலருக்கு பால், சிலருக்கு குழந்தை ஷாம்பு, சிலருக்கு வயிற்று எரிச்சல் மருந்து, சிலருக்கு மரத்துப்போகிற ஜெல், சிலருக்கு வெறும் தண்ணி கொடுத்தார்கள். எதுவும் தண்ணியை விட பெரிசாக வேலை செய்யவில்லை. நேரம் ஆக ஆகத்தான் எல்லாருக்கும் குறைந்தது.

அது வெறும் எரிச்சல் கணக்கு. கண்ணில் கீறல் இருந்தால் கணக்கே வேறு. பாலிலும் எண்ணெயிலும் இருக்கிற கிருமி கீறல் வழியாக உள்ளே இறங்கினால் கருவிழிப் புண் வரும். மதுரைக்கு இது புதுசு இல்லை. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதத்தில் கருவிழிப் புண்ணோடு மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 434 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு அதற்கு முன்னால் கண்ணில் அடியோ கீறலோ பட்டிருந்தது. நெல் தூசி, வைக்கோல், மண் என்று சின்ன விஷயத்தில் ஆரம்பித்து கருவிழியில் வெள்ளை விழுகிற வரைக்கும் போகிறது. புண் ஆறினாலும் தழும்பு நின்றுவிடும், பார்வை மங்கிவிடும்.

மெடிக்கல் ஷாப்பில் "கண் எரிச்சலுக்கு சொட்டு மருந்து கொடுங்க" என்று கேட்டு வாங்குவதும் இதே ரகம். ஸ்டீராய்டு சேர்ந்த மருந்தாக இருந்து, கண்ணில் பூஞ்சைக் கிருமியும் இருந்தால், எரிகிற வீட்டில் எண்ணெய் ஊத்தின கதைதான். காட்டு வேலையில் இருக்கிறவர்கள் அவசரத்துக்கு வாய்க்கால் தண்ணி, கண்மாய் தண்ணியில் கண்ணைக் கழுவ வேண்டாம். குடிக்கக் கொண்டுபோன குடத்துத் தண்ணியை எடுங்கள்.

மூச்சு திணறினால் காத்திருக்காதீங்க

ஆஸ்துமா, வீசிங் இருக்கிறவர்களுக்கு கண்ணை விட நெஞ்சுதான் முக்கியம். காரம் மூச்சுக்குழாயில் ஏறினால் குழாய் சுருங்கும். இருமல் நிற்காமல் போனாலோ, மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108-க்கு போன் போடுங்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். வழக்கமாக எடுக்கிற இன்ஹேலர் இருந்தால் கொடுங்கள்.

கழுவி ஒரு மணி நேரம் ஆகியும் கண் திறக்க முடியவில்லை, பார்வை மங்கலாக இருக்கிறது, வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது, உள்ளே ஏதோ உறுத்துகிறது என்றால் கண் டாக்டரிடம் போக வேண்டும். முகத்துக்கு ரொம்ப பக்கத்தில் வைத்து அடித்த ஸ்பிரே என்றால் ஒரு மணி நேரம்கூட பார்க்க வேண்டாம், கழுவிவிட்டு நேராக போய்விடுங்கள். பெரியாஸ்பத்திரியில் அவசர சிகிச்சை 24 மணி நேரமும் உண்டு, காசும் இல்லை.

திருட்டில் பொடி தூவப்பட்டவர்களுக்கு ஒரு விஷயம். "இது போலீஸ் கேஸ், புகார் கொடுத்துவிட்டு வா" என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்ப முடியாது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, முதலில் சிகிச்சை, பிறகுதான் பேப்பர் வேலை என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-லேயே சொல்லிவிட்டது. ஸ்டேஷனுக்கு போகலாம், கண்ணைக் கழுவிவிட்டு போங்கள்.

சுண்ணாம்பு என்றால் வேற கதை

வெற்றிலைக்கு போடுகிற சுண்ணாம்பு குழந்தை கண்ணில் தெறித்தால் அதை மிளகாய் மாதிரி நினைத்துவிடாதீங்க. மிளகாய் எரிச்சலோடு நிற்கும். சுண்ணாம்பு கண்ணை நிஜமாகவே வேக வைத்து உள்ளே இறங்கும். இமைக்குள் ஒட்டியிருக்கிற கட்டியை சுத்தமான ஈரத்துணி நுனியால் எடுத்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் தண்ணி ஊத்த வேண்டும். ஆஸ்பத்திரி போகிற வழியிலும் ஆட்டோவில் வைத்தே ஊத்திக்கொண்டு போங்கள். எரிச்சல் குறைந்த மாதிரி இருந்தாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். பூச்சி மருந்து, ஆசிட்டுக்கும் இதே அவசரம்தான். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போனால் என்ன மருந்து என்று டாக்டருக்குத் தெரியும்.

மிளகாய் நறுக்கி கை எரிகிறவர்கள், கையில் மட்டும் கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினால் குறையும். எண்ணெய் காரத்தை இழுக்கும், சோப்பு எண்ணெயை எடுக்கும். இது கைக்கு சொன்ன வைத்தியம், கண்ணுக்கு இல்லை.

ஸ்பிரே வைத்திருக்கிற பெண்கள் டப்பாவில் காலாவதி தேதி பார்த்துக்கொள்ளுங்கள், தேதி தாண்டினால் அழுத்தம் குறைந்து பீய்ச்சாமல் போகலாம். காற்று எதிரே அடித்தால் நம் முகத்துக்கே திரும்பும். மதுரை வெயிலில் வண்டி டிக்கியில் போட்டு வைப்பதும் தப்பு, அழுத்தம் ஏற்றிய டப்பா சூடானால் வெடிக்கும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் கைக்கு எட்டாத பரண் மேலே தூக்கி வையுங்கள்.