ஊர் வெளிச்சத்தில் தூசு அளந்த கதை

காற்றில் மிதக்கும் புகையையும் தூசையும் செய்மதிகள் பெரும்பாலும் சூரிய ஒளியை வைத்தே அளக்கின்றன. அப்போ இரவில்?

1970களில் அமெரிக்க இராணுவத்தின் வானிலைச் செய்மதிகளில் மங்கலான ஒளியையும் உணரும் கருவி இருந்தது. நிலா வெளிச்சத்தில் முகில்களைப் பார்ப்பதுதான் நோக்கம். முகிலோடு சேர்ந்து ஊர்களின் மின்விளக்குகளும் படத்தில் விழுந்தன. கேட்காமலே கிடைத்த சாமான் அது!

2008இல் சில ஆய்வாளர்கள் இதைத் திருப்பிப் பார்த்தார்கள். பனிமூட்டத்தில் தெருவிளக்கு மங்குவதை நாம் பார்த்திருக்கிறோமே, அதே கணக்குத்தான். தெளிவான இரவில் ஒரு நகரம் எவ்வளவு பிரகாசம் என்று முதலில் அறிய வேண்டும். இன்னோர் இரவில் முகிலே இல்லாமல் அது மங்கினால், இடையில் துணிக்கைகள் நிற்கின்றன. எவ்வளவு மங்கல் என்பதிலிருந்து எவ்வளவு துணிக்கை என்று கணிக்கலாம். ஆனால் பழைய கருவியின் அளவீடு துல்லியம் போதாது. 2011 ஒக்டோபரில் ஏவிய சுவோமி என்பிபி செய்மதிதான் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. நள்ளிரவு தாண்டி 1.30 மணியளவில் அது நம் தலைக்கு மேலாலும் போகிறது.

ஒரு சிக்கல். விளக்கு ஒரே சீராக எரிய வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாம் 13 மணித்தியால மின்வெட்டில் இருந்தோமே, அப்படியான இரவில் ஊர் மங்கியது தூசாலா, மின்சாரம் இல்லாமலா? விளக்கே குறைந்த கிராமங்களின் காற்றை இந்த வழியில் அளக்கவே முடியாது. அடுப்புப் புகை அங்கேதான் அதிகம்.