எதுகை சொல்லும் சாட்சி

வீரமுனையும் சம்மாந்துறையும் அடுத்தடுத்த ஊர்கள். சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலின் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே நெல்வயற் பரப்பின்மேற் கலந்து செல்லும் இடம் அது. கிழக்கே சிறிது தூரத்திற் காரைதீவு. அதற்கு வடக்கே கல்முனை. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாக வகுக்கப்படும் வரையில் இவை யாவும் மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தன. பாட்டுக்குப் பெயர்போன நாடு இது. எனினும், பாட்டின் ஒலியொப்பு அடியில் எவ்விடத்தே அமைதல் வேண்டும் என்று கேட்டால், இக்கரையிலேயே வெவ்வேறு விடைகள் கிடைக்கும்.

தமிழ் முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக ஓதப்பட்டு வருவது, பதின்மூன்றாம் நூற்றாண்டில் இமாம் பூஸிரி அரபு மொழியில் இயற்றிய புர்தா. ஏறக்குறைய நூற்றறுபது அடிகள் கொண்ட அந்நெடும்பாடலில் அடிதோறும் இறுதியில் வந்து நிற்பது 'மீம்' என்னும் ஒரே எழுத்து. காவற் பரணிலிருந்து உழவன் பாடிய நாலடிக் கவியோ, ஒலியொப்பை அடியின் தொடக்கத்திலே தேடியது. பாடசாலையிற் பிள்ளைகள் நெட்டுருப் பண்ணும் ஆங்கிலப் பாட்டு மீண்டும் அடியின் கடைசிக்கே செல்லுகிறது.

அந்த ஆங்கிலப் பாட்டின் சங்கடத்தை முதலிற் பார்ப்போம். அன்புக்கும் காதலுக்கும் பொதுவாக வழங்கும் 'லவ்' என்பது மிகச் சிறிய சொல். எவர் வாயிலும் புழங்குவது. அதனோடு இறுதி ஒத்து ஒலிக்கும் சொற்கள் எத்தனை? புறாவைக் குறிக்கும் 'டவ்', மேலே என்னும் பொருளுடைய 'அபவ்', கையுறையாகிய 'கிளவ்', தள்ளுதலாகிய 'ஷவ்'. விரல் மடக்கி எண்ணினால் ஐந்தாம் விரலுக்கு வேலை அநேகமாக இல்லை. ஆங்கிலக் காதற் பாட்டுக்களிலே புறா அடிக்கடி பறப்பதற்கும், வானம் தவறாமல் மேலே வந்து நிற்பதற்கும் கவிஞனின் கற்பனை மட்டும் காரணமன்று. சொற்பஞ்சமும் ஒரு காரணம்.

ஆங்கிலம் தொடக்கத்தில் இந்த வழியிற் செல்லவில்லை. 'பேயோவுல்ஃப்' முதலிய பழம்பாட்டுக்கள் முதலெழுத்து ஒத்துவரும் மோனையினாலேயே கட்டப்பட்டவை. இலத்தீன் துதிப்பாடல்களின் பழக்கமும், 1066இல் நார்மானியர் வந்தபின் பெருகிய பிரெஞ்சுச் செல்வாக்குமே இறுதி ஒலியொப்பை அங்கு நிலைபெறச் செய்தன. ஆனால் அம்மொழியின் சொற்கள் தம் விகுதிகளை இழந்து குறுகிப் பற்பல மெய்களில் முடியலாயின, துணைச்சொல் அரிதாயிற்று. மில்டன் 1667இல் வெளியிட்ட 'பரடைஸ் லொஸ்ற்' காவியத்தில் இறுதி ஒலியொப்பை அறவே விலக்கினார். பின்னர் அதற்குக் காரணங் கூறும் முன்னுரை ஒன்றும் எழுதிச் சேர்த்தார்.

பழைய ஆங்கிலக் கவிகள் 'லவ்' என்பதற்கு இணையாக 'மூவ்', 'புரூவ்' என்ற சொற்களையும் வைத்திருக்கின்றனர். எழுத்தில் ஒத்து ஒலியில் மாறும் இவற்றை இன்றைய மாணவன் பிழையென்று நினைக்கக்கூடும். ஷேக்ஸ்பியர் காலத்து உச்சரிப்பு வேறு. இவ்விணைகளிற் பல அன்று செவிக்கும் ஒத்தவையாயிருந்தன என்பது மொழியாராய்ச்சியாளர் பலர் துணிபு. பிழைபோலத் தோன்றும் ஒலியொப்பு, மறைந்துபோன ஓர் உச்சரிப்புக்குச் சாட்சியாகி விடுகிறது. இச்சாட்சியம் தமிழில் இன்னும் வலிமையுடையது.

எதுகைக்குரிய இலக்கணம் எளியது. முதலெழுத்துக்கள் குறிலாயின் குறிலாகவும் நெடிலாயின் நெடிலாகவும் அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றிவர வேண்டும். ஆகவே 'அன்பு' என்று தொடங்கிய புலவனுக்கு என்பு, முன்பு என்பன மட்டுமல்ல. மன்னன், கன்று, நன்றி, தென்றல், பொன்னி என்று வாசல் அகலத் திறந்தே கிடக்கிறது. 'லவ்' தேடியலையும் ஆங்கிலக் கவிஞன் இதனைக் கண்டால் பொறாமைப்படுவான்.

துணைச்சொல் தேடுவோர்க்குக் கைந்நூல் வேண்டும் என்ற எண்ணம் இரு நாடுகளிலும் தோன்றியதுண்டு. ஆங்கிலச் சொற்களை இறுதியசை முறையில் அடுக்கிப் பீற்றர் லெவின்ஸ் 1570இல் ஒரு நூல் வெளியிட்டார். தமிழில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு, தன் பதினோராந் தொகுதியிற் பலபொருள் ஒருசொற்களை எதுகை வரிசையிலே கோத்து வைத்தது. திண்ணைப் பள்ளி மாணவர் அதனை மனனஞ் செய்தனர். 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று முதன்முதலாக அச்சிற் பதிப்பித்தவற்றுள் சூடாமணி நிகண்டு உரையும் ஒன்று.

1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பகுதிகளில் இறுதியானது எதுகைக்கு உதவும் சொற்களைத் தொகுத்துத் தருவது. அவர் பிறந்த இத்தாலியிற் பெரும்பாலான சொற்கள் உயிரெழுத்தில் முடிவன. அடியின் இறுதியில் ஒலியொப்புக்குக் குறைவே இல்லை. அத்தகைய மொழியிற் பிறந்தவர், தொடக்கத்திலே ஒலியொப்பு வைக்கும் தமிழுக்குத் தொடையகராதி செய்தது எளிய காரியமன்று. செவியையே மாற்றிக்கொண்டால்தான் அது கைகூடும்.

குறில் எகர ஒகரங்களையும் நெடில் ஏகார ஓகாரங்களையும் எழுத்திலே தெளிவாக வேறுபடுத்தியவரும் அவரே என்பர். அதற்கு முன் குறிலுக்குப் புள்ளியிடுவது இலக்கண விதி. ஆயின் ஓலை பொத்துவிடும் என்றஞ்சி ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவது வழக்கமாயிற்று. அதனால் 'எரி' என்னும் நெருப்பும் 'ஏரி' என்னும் நீர்நிலையும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். வயலாகிய 'செறு' எது, அதிலுள்ள 'சேறு' எது என்றும் கண்ணாற் காண முடியாது. அப்போது கைகொடுப்பது எதுகை. அடுத்த அடி 'மாரி' என்று தொடங்கினால் மேலே நிற்பது ஏரி. 'பரி' என்று தொடங்கினால் எரி. 'ஆறு' வந்தாற் சேறு. 'மறு' வந்தாற் செறு. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் சிதைந்த ஏடுகளோடு போராடிப் பழைய நூல்களைப் பதிப்பித்த காலத்தில் இத்தகைய ஐயங்கள் எத்தனையோ எழுந்திருக்கும். ஒருபுறம் செல் அரித்த ஓலை. மறுபுறம் மாறாத எதுகை விதி.

காரைதீவிலே 1892இல் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலங் கற்ற விபுலாநந்த அடிகள், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 1926இல் 'மதங்க சூளாமணி' என்னும் நூலைத் தந்தார். மூலத்தின் பெரும்பகுதி இறுதி ஒலியொப்பில்லாத அடிகளால் ஆயது. தமிழ்ப் பாவாக மாறும்போது அதற்கு எதுகையும் மோனையும் வேண்டியிருந்தன. ஆங்கிலம் கேளாத ஒன்றைத் தமிழ்ச் செவி கேட்டது.

அகராதியும் ஏடும் அறியாத வயற்காட்டுக் கவிக்கும் அதே செவிதான். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இப்பகுதியின் நாட்டுப் பாடல்களுக்கும் இடமளித்தது. இத்தகைய பாடல்களை ஏட்டிலேற்றும்போது கற்றவர்க்கு ஒரு சோதனை நேரும். ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வாய்க்கு 'மழை'யும் 'களை'யும் நல்ல எதுகையே. புலவர் கண்ணுக்கு அது வழு. கை உடனே திருத்தப் போகும். 'மழை'க்கு இணையாகத் 'தழை' என்று மாற்றிவிட்டால் யாப்பு நேராகும். பாடியவள் தன் வயலிற் பிடுங்கிய களை மட்டும் பாட்டில் இராது. அவள் மழை என்று சொன்னது எப்படிக் கேட்டது என்பதை அறியும் வழியும் இராது.