ஒழுங்கும் மரியாதையும்: தமிழகக் கிறித்தவச் சபை வழிபாட்டில் இருக்கை, திருவிருந்து, பாடல் குறித்த முரண்கள் (1706–1910)

ஆய்வுச் சுருக்கம்

சபை வழிபாட்டில் ஒழுங்கும் பயபக்தியும் பேணப்பட வேண்டும் என்பது எல்லாத் திருச்சபை மரபுகளும் ஏற்கும் நெறியாகும். எது ஒழுங்கு, அதனை வரையறுப்பவர் யார் என்னும் வினாக்களில் தமிழகத்துச் சபைகள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முரண்பட்டு நின்றன. தரங்கம்பாடி, புதுச்சேரி, தஞ்சாவூர், வடக்கன்குளம் ஆகிய இடங்களில் நிகழ்ந்தவற்றை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இறைவன்முன் அனைவருக்கும் பொதுவான பணிவு, வழிபடுவோரைத் தம்முள் விலக்கி நிறுத்தும் தரவரிசை என்னும் வேறுபட்ட இரண்டும் ‘ஒழுங்கு’ என்னும் ஒரே சொல்லால் காக்கப்பட்டன என்பதும், அவற்றைப் பிரித்தறியாமையே இம்முரண்களை நீளச் செய்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: சபை வழிபாடு, ஒழுங்கு, மரியாதை, சாதி, வேதநாயகம் சாஸ்திரியார், வடக்கன்குளம்

முன்னுரை

தமிழகக் கிறித்தவத்தில் சாதி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளில் சென்றுள்ளன. டங்கன் ஃபாரஸ்டர் 1980இல் வெளியிட்ட நூல், மிஷன் சங்கங்கள் சாதி குறித்து மேற்கொண்ட கொள்கைகளை முதன்மைப்படுத்தியது. டென்னிஸ் ஹட்சன் 2000இல் வெளியிட்ட நூல், சீர்திருத்தச் சபையினரான தமிழர் தமக்கென உருவாக்கிக்கொண்ட பண்பாட்டை அவர்களுடைய எழுத்துகளின்வழி மீட்டெடுத்தது. முன்னதில் சாதி வழக்கம் களையப்பட வேண்டிய குறையாகவும், பின்னதில் அது ஒரு பண்பாட்டு உலகின் கூறாகவும் மேலோங்கித் தெரிகின்றது. வழிபாட்டு வேளையில் நிகழ்ந்தவற்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் இவ்விரு நோக்குகளுக்கும் இடையே மூன்றாவது ஒன்றுக்கு இடமுண்டு.

அதற்குத் துணையாவது ‘மரியாதை’ என்னும் சொல். அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும் 1976இல் எழுதிய கட்டுரை, தென்னிந்தியக் கோயில்களில் தெய்வத்துக்குச் செய்யும் சிறப்பும் வழிபடுவோர் வரிசைப்படி பெறும் மரியாதையும் ஒரே அமைப்பின் இரு முகங்கள் என விளக்கியது. இச்சொல் தெய்வத்தின்முன் காட்டும் பணிவையும், மாந்தருள் ஒருவருக்கு உரிய முதன்மையையும் ஒருங்கே குறிக்கின்றது. இப்பொருள் இரட்டிப்பு தேவாலயத்துக்குள்ளும் தொடர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. ஆதித் திருச்சபையின் அளவுகோல்

வழிபாட்டு ஒழுங்கு பற்றிய கிறித்தவ விவாதங்கள் யாவும் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தைச் சென்றடைகின்றன. அதன் 14ஆம் அதிகாரம் ஒருவர்பின் ஒருவராகப் பேச வேண்டும், குழப்பம் கூடாது என வற்புறுத்துகிறது. அந்த ஒழுங்கின் பயன் சபையின் பக்தி வளர்ச்சி என்றும் அது கூறுகிறது. அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம், கர்த்தருடைய பந்தியில் வசதியுள்ளோர் முந்தி உண்ண ஏழைகள் பசித்திருந்ததைக் கடிகிறது. ஒழுங்கின்மை என்பது கூச்சலை மட்டும் குறிப்பதன்று. பந்தியில் பாகுபாடு காட்டுவதும் ஒழுங்கின்மையே என்பது இவ்விரு அதிகாரங்களையும் சேர்த்துப் படிக்கும்போது தெளிவாகின்றது.

சிரியாவில் 3ஆம் நூற்றாண்டில் தோன்றிய ‘டிடஸ்காலியா’ என்னும் சபை ஒழுங்கு நூல் இதனை நடைமுறை விதியாக்கியது. ஆடவர், மகளிர், முதியோர், இளையோர் ஆகியோருக்கு உரிய இடங்களை அது வகுத்தது. இருக்கைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை உதவிக்குருவிடம் அளித்தது. முதியவரான ஏழை ஒருவர் வந்து அவருக்கு இடமில்லையெனில், ஆயர் தாம் தரையில் அமர நேர்ந்தாலும் அவருக்கு இடமளிக்க வேண்டும் என்றும் அந்நூல் பணிக்கிறது. இடவரிசை இங்கு மறுக்கப்படவில்லை. எளியவரை ஏற்கும் கடமைக்கு அது கீழ்ப்படுத்தப்பட்டுள்ளது. தமிழகச் சபைகளின் வரலாற்றை மதிப்பிட அம்மரபுக்குள்ளேயே கிடைக்கும் அளவுகோல் இதுவாகும்.

2. தரங்கம்பாடி: திருவிருந்தை வழங்குபவர் யார்?

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் புளுட்சோவும் வந்திறங்கினர். 1707இல் எருசலேம் ஆலயமும் 1718இல் புதிய எருசலேம் ஆலயமும் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. ஆவணங்களில் ‘சூத்திரக் கிறித்தவர்’ எனக் குறிக்கப்படும் வேளாளர் முதலியோரும் பறையர் குலத்துக் கிறித்தவரும் ஒரே கூரையின்கீழ்ப் பிரிந்தமர்ந்து வழிபட்டனர். ஒரே வேதம், ஒரே போதனை, வெவ்வேறு இருக்கை என்னும் இந்த ஏற்பாட்டை மிஷனரிகள் நாட்டு வழக்கமாகக் கருதி அனுமதித்தனர்.

இருக்கையளவில் தொடங்கிய இவ்விணக்கம் குருத்துவம் வரை நீண்டது. கடலூரைச் சேர்ந்த வேளாளரான ஆரோன் 1733 டிசம்பரில் சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்ப் போதகராக அருட்பொழிவு பெற்றார். அடுத்த போதகரைத் தேர்ந்தெடுக்கும் வேளையில், தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிப் பின்னர் உபதேசியாராகிப் பலரைச் சபையில் சேர்த்திருந்த இராசநாயக்கனின் பெயரும் எண்ணிப் பார்க்கப்பட்டது. அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் திருவிருந்தைப் பெறச் சூத்திரக் கிறித்தவர் தயங்குவர் என்னும் காரணத்தால் அவருக்கு அருட்பொழிவு அளிக்கப்படவில்லை. 1741இல் தியோகு போதகரானார். இராசநாயக்கன் 1771இல் மறையும்வரை உபதேசியாராகவே பணிபுரிந்தார்.

இம்முடிவில் கருதத்தக்கது அதன் தருக்கமாகும். இராசநாயக்கனின் தகுதியை மிஷனரிகள் ஐயுறவில்லை. திருவிருந்தின் அமைதி குலையக் கூடாது என்பதே அவர்கள் அஞ்சியது. வழிபாட்டின் ஒழுங்கைக் காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமே ஒருவரின் குருத்துவத்துக்குத் தடையாயிற்று.

3. புதுச்சேரி: சுவரும் உடையும்

கத்தோலிக்கச் சபையில் இதே சிக்கல் கட்டட வடிவம் கொண்டது. ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பு, புதுச்சேரி தேவாலயத்தில் 1745 அக்டோபரில் நிகழ்ந்ததைப் பதிவு செய்துள்ளது. ஆலயத்தின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. அதன் ஒருபுறம் பறையர் குலத்துக் கிறித்தவரும், மறுபுறம் சாதிக் கிறித்தவர், ஐரோப்பியர், கலப்பினத்தார் ஆகியோரும் அமர்ந்தனர். காரைக்காலிலிருந்து குரு ஒருவர் வந்திருந்த வேளையில் பறையர் திரண்டு சென்று, தாமும் சீடரே எனில் இடையே சுவர் எதற்கு என முறையிட்டனர். சுவர் அகற்றப்பட்டது, அனைவரும் கலந்தமர்ந்து வழிபட்டனர்.

நிகழ்வு அத்துடன் முடியவில்லை. கனகராய முதலியாரின் குடும்பத்தைச் சேர்ந்த பெண்ணொருவர் மெல்லிய துகிலும் அணிகலன்களும் நறுமணமும் பூண்டு தமிழ் வழக்கப்படி ஆலயத்துக்கு வந்தார். குருவானவர் அக்கோலம் திருமணமான பெண்ணுக்கு ஏற்றதன்று எனக் கடிந்தார். சாதிக் கிறித்தவர் கூடிப் பேசி எதிர்ப்புத் தெரிவித்தனர்.

கிறித்தவரல்லாத ஒருவர் எழுதிய இக்குறிப்பு, சமயச் சார்பின்றி இரு நிகழ்வுகளையும் ஒருங்கே வைப்பதால் மதிப்புடையது. சுவரை நீக்கியதும் உடையைக் கண்டித்ததும் பயபக்தியின் பெயராலேயே நிகழ்ந்தன. முன்னது தாழ்த்தப்பட்டோரின் முறையீட்டிலிருந்து பிறந்தது. பின்னது ஓர் ஐரோப்பியக் கண் தமிழ்ப் பெண்ணின் மங்கலக் கோலத்தைப் புரிந்துகொள்ளாமையிலிருந்து பிறந்தது. விழாவுக்கு அணிந்து செல்லுதல் தமிழர் நோக்கில் மரியாதை. குருவின் நோக்கில் அது அவமரியாதை. சாதிக் கிறித்தவரின் மனக்குறையில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துபோயின. அடுத்த நூற்றாண்டில் தஞ்சையில் இக்கலப்பு எழுத்து வடிவம் பெற்றது.

4. தஞ்சாவூர்: நான்கு கொடுமைகள்

வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு வளர்ந்தவர். இரண்டாம் சரபோசியின் ஆதரவைப் பெற்றவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’யின் ஆசிரியர். 1820களில் வந்த புதிய மிஷனரிகள் சபையின் நெடுநாள் வழக்கங்களை மாற்றத் தொடங்கியபோது, சூத்திரக் கிறித்தவரின் குரலாக அவர் எதிர்த்தெழுதினார். 1829 அளவில் எழுந்த இவ்வெழுத்துகள் புதியவர்களின் செயல்களை நான்கு கொடுமைகளாகத் தொகுக்கின்றன. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதிகளை வலிந்து கலந்தமர்த்தித் திருவிருந்தில் பங்குகொள்ளச் செய்தது, திருமணத்திலும் அடக்கத்திலும் பூக்களை விலக்கியது, தமிழிசைப் பாடல்களை வழிபாட்டிலிருந்து நீக்கியது என்பன அவை.

இந்நான்கும் ஒரே பட்டியலில் இருப்பது தற்செயலன்று. ரேனியசின் திருத்தத்தைக் காட்டிலும் பப்ரிசியசின் மொழிபெயர்ப்பு வழிபாட்டுக்கு உகந்தது என்னும் வாதம் செவிக்குப் பழகிய வேத நடையின் மாண்பு பற்றியது. பூ, பாடல் ஆகியவை பற்றிய வாதங்கள் ஒரு மக்கள் தமக்குரிய அழகுணர்வோடு இறைவனைப் போற்றும் உரிமை பற்றியவை. செருமானிய மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகளே பயபக்திக்குரியவை, தமிழ்க் கீர்த்தனைகள் அவ்வாறல்ல என்பதற்கு வேதச் சான்று எதுவும் இல்லை. இம்மூன்றிலும் சாஸ்திரியார் கேட்டவற்றால் சபையில் எவரும் தாழ்வுற நேராது.

இருக்கை பற்றிய வாதமோ வேறு வகையினது. தனித்தனிப் பாய்களில் அமர்வது உலக வழக்கம், ஆன்மிகச் சமத்துவத்தை அது தொடாது என்பதே அதன் சாரம். வழக்கத்தைக் கூறுவோருக்கு அது தொடாது என்பது உண்மையாகலாம். விலகி அமர்த்தப்பட்டவரின் நிலையிலிருந்து அவ்வாறு கூற இயலாது. அந்த எழுத்துகளில் பறையர் குலத்துக் கிறித்தவரின் குரல் இல்லை. எண்பது ஆண்டுகளுக்கு முன்னர்ப் புதுச்சேரியில் எழுந்த முறையீடே அதற்கான விடையாக எஞ்சுகிறது.

5. ஆணையும் அதன் விளைவும்

1826இல் பேராயர் ஹீபர் இச்சிக்கலைக் கனிவோடு அணுகி விசாரிக்கத் தொடங்கினார். அவ்வாண்டு ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் அவர் காலமானார். பின்னர்ப் பொறுப்பேற்ற பேராயர் தானியேல் வில்சன் 1833 ஜூலையில் விடுத்த மடலில், சாதி வேறுபாடு சபையிலிருந்து உடனடியாகவும் முற்றிலுமாகவும் நீக்கப்பட வேண்டும் என ஆணையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் சூத்திரக் கிறித்தவர் பலர் சபையை விட்டு விலகினர். 1840களில் தமிழகத்துக்கு வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன், சாதியைப் படிப்படியாகக் களையத்தக்க சமூக வழக்கமாகக் கருதியதால் விலகியோரிற் பலர் அதனைச் சார்ந்தனர்.

வில்சனின் ஆணை நெறியளவில் சரியானது. ஆயினும் இருக்கையைச் சீர்செய்த அதே அதிகாரக் குரலே பூவையும் பாடலையும் விலக்கிய குரலாகவும் சபையாருக்குக் கேட்டது. இதனால் நியாயமான பண்பாட்டுக் குறை சாதிப் பெருமிதத்துக்குக் கேடயமாயிற்று. பாடலைப் பொறுத்தவரை இம்முடிச்சு பின்னர் அவிழ்ந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைப் பொது வழிபாட்டுக்கெனத் தொகுத்து வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் இடம்பெற்றன. சாதி விலக்கத்தில் மிகக் கண்டிப்பாயிருந்த மிஷன்களுள் ஒன்றே தமிழிசையை ஆலயத்துக்குள் வரவேற்றது. பட்டியலின் நான்கு கூறுகளும் பிரிக்கத்தக்கவையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

6. வடக்கன்குளம்: கட்டடமாகிய தரவரிசை

திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயம் ஒரு பீடத்திலிருந்து கவைபோல் இரு கிளைகளாகப் பிரியும் வடிவினது. வேளாளர் முதலியோர் ஒரு கிளையிலும் நாடார் மறுகிளையிலும் அமர்ந்தனர். இரு சாராரும் பீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காண இயலாது. அமைதி காக்கும் பொருட்டுச் செய்த இந்த ஏற்பாடு விலக்கத்தை நிலைப்படுத்தியது. 1910இல் கௌசானல் அடிகளார் தடுப்பை அகற்றச் செய்தார். வேளாளர் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம், சாதி அடிப்படையில் ஆலயத்துள் தனியிடம் கோரும் உரிமையை ஏற்கவில்லை. ‘நெடுநாள் வழக்கம்’ என்னும் வாதம் தஞ்சையில் முன்வைக்கப்பட்டு எண்பது ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் தோற்றது.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, அமைதிக்காகச் செய்யப்பட்ட இணக்கம் ஒவ்வொரு முறையும் விரிவடைந்தது. இருக்கையில் தொடங்கிக் குருத்துவத்துக்கும் கட்டடத்துக்கும் பரவியது. இரண்டாவது, ஐரோப்பிய மிஷனரிகள் தம் பண்பாட்டு விருப்பங்களையும் நற்செய்தியின் கோரிக்கைகளையும் ஒரே தட்டில் வைத்தமையால் சாதிக்கு எதிரான தம் வாதத்தைத் தாமே வலுவிழக்கச் செய்தனர். மூன்றாவது, தமிழ்ப் பண்பாட்டை வழிபாட்டில் நிலைநாட்டச் சாதி வரிசையைக் காக்க வேண்டியதில்லை என்பதைக் கீர்த்தனைகளின் வரலாறு காட்டுகிறது.

வழிபாட்டு விதி ஒன்றை ஆராய்கையில் அது பழையதா புதியதா, நாட்டுக்குரியதா அயலதா என்னும் வினாக்கள் போதா. அவ்விதி எல்லோரையும் இறைவன்முன் ஒருங்கே பணியச் செய்கிறதா, சிலரை மற்றவர் முன் பணியச் செய்கிறதா என்னும் வினாவே முதன்மையானது. கல்லறைத் தோட்டங்களின் பிரிவினையும் திருவிழாத் தேரின் வழித்தடங்களும் இதே வினாவோடு தனித்தனியே ஆராயத்தக்கவை. அவற்றில் எழும் முறையீடுகள் வழிபாட்டின் ஒழுங்கைக் குலைப்பனவாக அன்றி, அவ்வொழுங்கின் பொருளை வரையறுப்பனவாகப் படிக்கப்பட வேண்டும்.