லீவு நம்மளது, தேதி யாரோடது?

1/ போன வாரம் ஓபியில் ஒரு மில் தொழிலாளி. குடலிறக்கம், ஆபரேஷன் பண்ணணும். "பொங்கலுக்கு வைங்க சார், அப்பதான் மில்லு மூடுவாங்க"ன்னார். வலி இவருக்கு, தேதி ஓனர் கையில். ரொம்பப் பழைய கதை இது. சின்ன த்ரெட்.

2/ இங்கிலாந்தின் லங்காஷயர். 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே பருத்தித் துணி அனுப்பிய பகுதி. ஓல்டாம், போல்டன், பிளாக்பர்ன்னு ஊர் ஊரா மில். அங்கே 'வேக்ஸ்'னு ஒரு திருவிழா. ஆரம்பத்தில் ஊர் தேவாலயத்துக்கானது. நம்ம ஊர்க் கோயில் திருவிழா மாதிரின்னு வெச்சுக்கோங்க.

3/ மில் வந்த பிறகும் திருவிழா அன்னைக்கு ஆள் வரல. ஆள் இல்லாம மெஷினை எப்படி ஓட்டுறது? வேற வழியில்லாம ஓனர்கள் மில்லையே மூடினாங்க. அந்த நேரத்தில் பாய்லர், மெஷின் பராமரிப்பை முடிச்சுக்கிட்டாங்க. போகப் போக அது ஒரு முழு வாரம் ஆச்சு. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வாரம்.

4/ 1846ல் பிளாக்பூல் கடற்கரைக்கு ரயில் வந்தது. பிற்பாடு வேக்ஸ் வாரம்னா ஊரே அங்கேதான். பக்கத்து வீட்டுக்காரரைக் கடற்கரையிலயும் பார்க்கலாம்!

5/ கேட்க ஜாலியா இருக்கு. ஆனா அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. நம்ம சீட்டு மாதிரி கிளப் வெச்சு, வருஷம் முழுக்கக் காசு சேர்த்தாங்க. சம்பளத்தோட விடுமுறைக்கான சட்டம் 1938லதான் வந்தது. அதுவும் எல்லாருக்கும் கட்டாயம் இல்ல.

6/ சரி, தேதி? பிரிட்டனின் 1998 வேலை நேர விதிகளிலும், "இந்த நாள்ல லீவு எடு"ன்னு முதலாளி சொல்லலாம். ஆனா லீவு நாளைப் போல 2 மடங்கு முன்னாடியே சொல்லணும். 5 நாள் லீவுன்னா 10 நாள் முன்னாடி.

7/ நம்ம 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் சம்பள லீவுக்கு 15 நாள் முன்னாடி எழுதிக் கொடுக்கணும்னு இருந்தது. ஆனா உடம்பு சரியில்லன்னு கேட்டா அந்தக் கெடு கிடையாது, இருக்கிற லீவைக் கொடுத்தே ஆகணும்னும் எழுதி வெச்சாங்க.

8/ இதை அவர்கிட்ட சொன்னேன். சிரிச்சார். "கேட்டா என் இடத்துல வேற ஆள் நிப்பான் சார்."

9/ அவர் சொல்றதும் சரிதான். லங்காஷயர்ல ஒருத்தர் மட்டும் திருவிழாவுக்குப் போயிருந்தா அவருக்கு வேலை போயிருக்கும். ஊரே போனதால மில்லு மூடுச்சு.

10/ டாக்டரா ஒண்ணு மட்டும் சொல்லணும். குடலிறக்க வீக்கம் திடீர்னு கல்லு மாதிரி ஆகி, உள்ளே போகாம, வலியும் வாந்தியும் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. குடலுக்குப் பொங்கல் தேதி தெரியாது.