பித்தும் பிணியும்: செவிகளின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் நாச்சியார் திருமொழியின் பன்னிரண்டாம் பதிகத்தை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். செட்டியார்பட்டியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஐயா, இது பக்தியா, நோயா? எங்க தெருவுல ஒரு அக்கா இப்படித்தான் தனியா பேசிக்கிட்டிருப்பாங்க. அவங்கள உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க." வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே விடை வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் ஆண்டாளைப் பற்றி இப்படிக் கேட்கத் துணிவு வேண்டும். அக்கேள்வியின் பின்னே போனதில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்துக்கொள்கிறேன்.

அப்பதிகத்தில் ஆண்டாள், பிறர் தனக்குச் சொல்லும் புத்திமதி ஊமையும் செவிடரும் உரையாடுவதைப் போன்றது என்கிறாள். தன்னைக் கண்ணன் இருக்குமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுமாறு சுற்றத்தாரை வேண்டுகிறாள். குலசேகராழ்வாரோ, உலகத்தார் கண்ணுக்குத் தாம் பேயர், தம் கண்ணுக்கு உலகத்தார் பேயர் என்று பாடினார். சுந்தரர் இறைவனையே பித்தன் என்று விளித்துத் தம் முதற்பதிகத்தைத் தொடங்கியதாக மரபு சொல்கிறது. பக்தி மரபில் பித்து இழிசொல் அன்று. பித்தர் கேட்ட குரலை ஊர் நம்பியது. அவர் சொல்லைக் கோயிலில் ஓதியது.

நவீன நாவலில் இந்த உத்தரவாதம் இல்லை. நகுலனின் 'நினைவுப் பாதை' (1972) நவீனன் என்னும் எழுத்தாளனின் மனம் தன் பிடியிலிருந்து நழுவுவதை அவன் நினைவோட்டத்தினூடாகவே காட்டுகிறது. அந்தச் சிதறலைப் புனிதமென்று ஏற்கும் ஊர் அங்கே இல்லை.

இரண்டு உலகங்களும் மோதிக்கொள்ளும் நூல் எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்'. 1993ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கும்பகோணத்தில் பட்டு ஜரிகை வணிகத்தோடு எழுத்தையும் நடத்திய வெங்கட்ராம் (1920–2000), தாமே பல்லாண்டுகள் அனுபவித்த செவிக்குரல்களை அடிப்படையாகக் கொண்டு இதை எழுதினார். நாயகன் மகாலிங்கம் முருக பக்தன். அவன் காதுகளில் ஆணும் பெண்ணுமாகக் குரல்கள் ஓயாமல் ஏசுகின்றன, ஆபாசம் பேசுகின்றன, தெய்வத்தின் பெயரையும் சூடிக்கொள்கின்றன. பக்தி மரபுக்குள் நின்றுகொண்டே அவன் அக்குரல்களை வணங்க மறுக்கிறான். வறுமைக்கும் குடும்பப் பாரத்துக்கும் நடுவே அவற்றுக்குச் சாட்சியாக இருக்கிறான். பித்துக்குத் தரப்பட்டிருந்த ஒளிவட்டம் இங்கே கழன்றுவிடுகிறது; துன்புறுகிற மனிதன் மட்டும் எஞ்சுகிறான்.

உளவியல் பயின்று மனநலப் பணியிலும் ஈடுபட்டிருந்த கோபி கிருஷ்ணன் (1945–2003) மறுபுறத்திலிருந்து வந்தார். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயாளிகளின் வாழ்வைச் சிறுசிறு சித்திரங்களாக முன்வைக்கிறது. வெங்கட்ராமின் நூலில் குரல்கள் ஒருவனின் செவிக்குள் நுழைகின்றன. கோபி கிருஷ்ணனின் நூலில் உள்ளே அடைபட்டவர்களின் குரல்கள் நம் செவிக்கு வருகின்றன.

நம் செவி அதற்குத் திறந்திருந்ததா? 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்து வரப்பட்டவர்களைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். 'காதுகள்' விருது பெற்று எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இலக்கியம் கேட்ட குரலைச் சமூகம் கேட்கவில்லை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எவ்வகையிலும் தடை செய்கிறது. அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவைகளில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது.

அடுத்த வாரம் அம்மாணவியிடம் சொன்னேன்: "அம்மா, ஆண்டாளுக்கு நோய்ப்பெயர் சூட்ட நம்மிடம் ஆதாரம் இல்லை, கவிதையை வைத்து மருத்துவம் பார்க்கவும் கூடாது. ஆனால் உன் தெருவிலுள்ள அக்காவைப் பூட்டிவைக்கலாமா என்றால், கூடாது என்பது உறுதியான விடை. அவர் பேசுவதை உட்கார்ந்து கேட்கவும், மருத்துவரிடம் அழைத்துப் போகவும் ஓர் ஆள் வேண்டும்."

அவள் சிரிக்கவில்லை. நூலகத்தில் 'காதுகள்' இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.