சைத்தானின் பெயர் சூட்டப்பட்ட பிராணி

தஸ்மேனியன் டெவில் என்றால் நமக்கு ஞாபகம் வருவது காட்டூனில் சுழன்று வரும் 'டாஸ்'தான். உண்மையான டெவில் அவுஸ்திரேலியாவின் தெற்கே தஸ்மேனியாத் தீவில் வாழ்கிறது. சிறிய நாயளவு, குட்டியைப் பையில் சுமக்கும், இறைச்சி தின்னும். இரவில் அது போடும் சத்தத்துக்குப் பயந்த வெள்ளைக்காரக் குடியேறிகள் அதற்குச் சைத்தானின் பெயரையே வைத்துவிட்டார்கள். அல்லாஹ்வின் படைப்புக்கு இப்படியொரு பெயர்!

பெயரோடு விடவில்லை. ஆட்டுப் பண்ணைகள் வைத்திருந்த வான் டீமன்ஸ் லாண்ட் கம்பனி 1830இல் அதன் தலைக்கு விலை வைத்தது. ஆணுக்கு இரண்டரை ஷில்லிங், பெண்ணுக்கு மூன்றரை. பெண்ணுக்கு ஏன் கூட என்பது நமக்கு விளங்கும். இத்தனைக்கும் அது செத்த பிராணிகளை எலும்போடு தின்று காட்டைத் துப்புரவாக்கும் பிராணி.

வேறு கண்ணால் பார்த்தவரும் இருந்தார். ஹோபார்ட்டில் தன் வீட்டு வளவிலேயே மிருகக்காட்சிசாலை நடத்திய மேரி ரொபர்ட்ஸ் அம்மையார், டெவில்களை வளர்த்துக் குட்டி போட வைத்து, 1915இல் லண்டன் விலங்கியல் சங்க வெளியீட்டில் அதுபற்றி எழுதினார். அவருக்குப் பின் நகரசபை பொறுப்பெடுத்து இடம் மாற்றிய அதே மிருகக்காட்சிசாலையில்தான் 1936 செப்டெம்பரில் கடைசித் தஸ்மேனியப் புலி செத்தது. புலிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டெவிலுக்கு 1941இல் கிடைத்தது. அது தப்பியது.

1996இல் முகத்தில் கட்டியோடு டெவில்கள் காணப்பட்டன. கடித்தால் தொற்றும் புற்றுநோய். ஒன்றையொன்று முகத்தில் கடிப்பதோ அவற்றின் வழக்கம். 2008இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தார்கள். ஒரு காலத்தில் தலைக்குக் காசு கொடுத்த தீவு, இப்போது காப்பாற்றக் காசு செலவழிக்கிறது. 2012இல் நோயில்லாத டெவில்களை மரியா தீவில் விட்டார்கள். அவை நன்றாகப் பெருகின. ஆனால் அங்கே கூடுகட்டிய 3,000 சோடி சிறு பென்குயின்கள் இன்று இல்லை.