முதியோருக்குச் சத்திரசிகிச்சை: எந்த மயக்கமருந்து மூளைக்குப் பாதுகாப்பானது?

இடுப்பு எலும்பு முறிந்த அம்மம்மாவை முழுமையாக மயக்கினால் நினைவு தடுமாறும், முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்வதே நல்லது என்று பலர் நினைப்பதுண்டு. 2021இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 50 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான 1,600 பேரிடம் நடந்த ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மனக்குழப்பம் முதுகு ஊசி பெற்றோரில் 20.5 சதவீதம்; முழு மயக்கம் பெற்றோரில் 19.7 சதவீதம். சீனாவில் 950 முதியோரிடம் நடந்த ஆய்விலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

மயக்கத்துக்குப் பயந்து சத்திரசிகிச்சையைத் தாமதிப்பதே அதிக ஆபத்து. வழமையான மருந்துகள், மதுப்பழக்கம், ஏற்கெனவே உள்ள மறதி பற்றி மயக்கமருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கண்விழித்ததும் மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் கொடுங்கள். தெரிந்த முகமொன்று அருகில் இருக்கட்டும். இரவில் உறங்க விடுங்கள்.